ஒருக்கா இருமச் சொல்லு

மோர்டன், லண்டன்
திங்கட்கிழமை

அன்புள்ள மலர் மச்சாளுக்கு,

நானும் கோசிகாவும் சுகம். மாமியின் கால் வீக்கம் வற்றியதா? இந்தக் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். இது வழக்கம்போல உங்கள் தம்பியின் பெயரில் நான் எழுதுவது அல்ல. என்னுடைய கடிதம்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முதியோர் இல்லத்தில் ஆளில்லை என்று எனக்கு இரட்டை ஷிப்ட். கூட வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரி மரிசெல், தங்கள் ஆட்கள் நேற்று மத்தியானம் ஒரு மண்டபத்தில் போட்ட பேய்ப்படத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். இவர் போன இந்த எட்டு மாதமும் நான் வாய்விட்டுச் சிரிக்கவில்லையாம். அதற்குப் பேய்ப்படம் காட்டுகிற மனுசியை என்ன சொல்ல!

ஒரே படத்துக்குள் மூன்று கதை. முதலாவதில் லிப்டுக்குள் பேய். திடீர் திடீரென்று சத்தம் போட்டே பயமுறுத்தப் பார்த்தார்கள். சனம் கத்தியது, நான் சோளப்பொரி சாப்பிட்டேன். இரண்டாவதில் இடுப்போடு பிரிந்து பறக்கிற ஒரு பெண், ஒரே இரத்தம். நாள்தோறும் புண் கழுவுகிறவளுக்கு அதிலென்ன பயம்? படம் தேறாது என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவதில் சத்தமும் இல்லை, இரத்தமும் இல்லை. கப்பலில் வேலைக்குப் போன மகன் கடலில் செத்துவிட்டான். தாய் தாங்கமாட்டாள் என்று வீட்டார் மறைத்து, அவன் பெயரில் கடிதம் எழுதுகிறார்கள். அவள் தினமும் மேசையில் அவனுக்கும் சோறு போட்டு வைக்கிறாள். அவனைக் காட்டவே இல்லை. சோறு மட்டும் குறைகிறது. கடைசியில் வெறும் கதிரையைப் பார்த்து, ஏன் மகனே நனைந்துபோய் இருக்கிறாய் என்று கேட்கிறாள். அவ்வளவுதான். நான் சோளப்பொரியைக் கீழே வைத்துவிட்டேன்.

மாமியின் இதயம் தாங்காது, சொல்ல வேண்டாம் என்று நீங்கள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். உங்கள் தம்பிக்குத் தொண்டையில் ஒப்பரேஷன், பேச முடியாது என்ற பொய் என்னுடையது. மாமிக்குக் கண் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று என்றுகூட நினைத்த பாவி நான். இங்கே அவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடித்துவிட்டோம். அங்கே மாமி வெள்ளிக்கு வெள்ளி கோயிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி அவர் ஆயுளுக்கு அர்ச்சனை செய்விக்கிறார்.

படம் முடிந்து வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் மாமியின் குரல்பதிவு. "பிள்ளை, அவனுக்குக் கதைக்க ஏலாட்டிப் பரவாயில்லை. ஒருக்கா இருமச் சொல்லு. அந்தச் சத்தம் கேட்டா எனக்குக் காணும்."

மச்சாள், இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, போனில் பதிவுப் பொத்தானை அமத்திவிட்டு, அவரைப்போல இருமிப் பார்த்தேன். இரண்டு தரம் சரிவரவில்லை. மூன்றாம் தரம் அச்சாக அவருடைய இருமல். கோசிகா "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கதவில் அடித்தாள். திறந்தேன். பதினாறு வயதுப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

அதை நான் அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

இது கிடைத்ததும், அடுத்து வருகிற வெள்ளிக்கு முன் மாமியிடம் சொல்லிவிடுங்கள். டொக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். பழியை என்மேல் போடுங்கள், திட்டினால் நான் கேட்டுக்கொள்கிறேன். பெற்றவள் அழாமலே உங்கள் தம்பியை எரித்துவிட்டோம். இனியாவது மாமி அழட்டும். உங்கள் தம்பியைப் போகவிடுங்கள், மச்சாள்.

பிள்ளையார் உங்கள் எல்லோருக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
இந்தமுறை என் பெயரிலேயே,
ஜெகதீஸ்வரி