ராணிக்கு முன்னால் நடந்த பங்காரு

தை 5, திங்கள்

பொங்கல் முடிந்தும் பனி விடவில்லை. எதிரே கம்பெனி மதில் தெரியவில்லை, சங்கு மட்டும் கேட்டது. மஃப்ளரைக் காணோம். பிறகு கிடைத்தது, கழுத்திலேயே இருந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொன்னால் போனே எழுதிக்கொள்கிறது. மருமகள் ஸ்டெல்லா பழக்கிவிட்டாள். யாரும் இல்லாத நேரம் கொட்டகையில் உட்கார்ந்து சொல்கிறேன். கேட்பது ராணி மட்டும்.

ராணி, குதிரை. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சொட்டு. பெங்களூரில் ரேஸ் ஓடி ஓய்ந்தவள். கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம் என்று மகன் அருள் வாங்கி வந்தான். என்ன கழுத்து அது! இந்த வயதுக்குள் எத்தனையோ சந்தை, எத்தனையோ மாடு. இப்படி ஒரு ஜீவனைப் பார்த்ததில்லை.

ஆனால் வந்த நாளிலிருந்து சரியாகத் தின்னவில்லை. கொள்ளு, கேரட், பசும்புல், எல்லாம் வைத்தது வைத்தபடி. விலா எலும்பு தெரிகிறது. சத்தம் பழக வேண்டும் என்று அருள் பகலெல்லாம் ஸ்பீக்கரில் கல்யாண மேளம் வைக்கிறான். வியாபாரம் நடக்கக் கொட்டகைச் சுவரில் கழுதைப் படம் வேறு ஒட்டியிருக்கிறான். கடைகளில் இருக்குமே, ‘என்னைப் பார், யோகம் வரும்’, அதுதான். ராணி மேளத்தைக் கேட்டுக்கொண்டு, கழுதையைப் பார்த்துக்கொண்டு பட்டினி.

வெள்ளிக்கிழமை முதல் கல்யாணம், உத்தனப்பள்ளியில். சாப்பிடும்போது அருள்:

“அன்னிக்கு ஒழுங்கா நடக்கலைன்னா புரோக்கருகிட்டயே திருப்பி விட்டுருவேன் நைனா.”

“அவன் இதை வச்சி என்னா பண்ணுவான்?”

“எதையோ பண்ணுவான். நான் கேக்கல.”

மிச்சச் சோற்றை வைத்துவிட்டுக் கொட்டகைக்கு எழுந்து போனேன்.

தை 6, செவ்வாய்

மூட்டுத் தைலம் தீர்ந்தது. ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும்.

பனி விலகுகிற நேரம், தெருவில் “கழுதப் பாலேய்! கழுதப் பாலு!” வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கங்கம்மா. பெட்டைக் கழுதையின் பெயர் பங்காரு, தெலுங்கில் தங்கம். பின்னால் குட்டி. பக்கத்து வீட்டுப் பச்சைப் பிள்ளைக்கு ஒரு பாலாடை கறந்து புகட்டினாள்.

அருள் பிறந்தபோது அவனுக்குக் கழுதைப் பால் கறந்து புகட்டியவள் முகம் அப்படியே கண்ணில் வந்தது. இரண்டு பக்கமும் மூக்குத்தி, மோவாயில் பச்சை குத்தியிருப்பாள். சொன்னேன். கங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யய்யோ, அது எங்கம்மாவேதான் அய்யா!”

அப்போது பங்காரு கத்தியது. ஊரே கேட்கும் கத்தல். கொட்டகையிலிருந்து ஒரு கனைப்பு. வந்த நாளிலிருந்து ராணி வாய் திறந்ததில்லை!

போய் அவிழ்த்துவிட்டேன். பயம்தான், கடித்துக் குதறிவிட்டால்? ராணி போய்க் கழுதையின் மூக்கோடு மூக்கு வைத்தாள். மூச்சு இரண்டும் புகையாகக் கலந்தது. பிறகு பின்பக்கக் காலி மனையில் ஓட்டம். ராணி காற்று மாதிரி. பங்காரு தபதபவென்று பின்னால். குட்டி நாலு காலையும் தூக்கிக் குதிக்கிறது. எங்கே ராணி போய்விடுவாளோ என்று பார்த்தால், ஒரு சுற்று ஓடி, திரும்பி, கழுதைக்காக நிற்கிறாள். மறுபடி ஓட்டம். ரேஸில் ஓடியவளுக்கு நிற்கவும் தெரியும். கைதட்டினேன். மஃப்ளரை அவிழ்த்துச் சுழற்றினேன். நல்லவேளை, கங்கம்மாவைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

வந்து மூன்றும் ஒரே தொட்டியில் தின்றன. கொள்ளு காலி.

“நீ எங்கே தங்கறே கங்கம்மா?”

“மேம்பாலத்துக்கு அடியில. குளுருல குட்டி நடுங்குது அய்யா.”

“கொட்டாயில எடம் சும்மாதான் கெடக்குது. குறுக்கால ஒரு தார்ப்பாய் கட்டிக்கலாம்.”

கங்கம்மா யோசித்தாள். ராணியைப் பார்த்தாள். சரி என்றாள்.

தை 7, புதன்

இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு அருள் இன்றுதான் வந்தான். வந்ததும் சண்டை.

“கல்யாணக் குதிரை பக்கத்துல கழுதையா? எவனாச்சும் பாத்தா புக்கிங் வருமா?”

“நீ குடிச்ச பாலுடா அது.”

ஸ்டெல்லா சமையலறையிலிருந்து: “அதான் மாமா, இவருக்கு எது சொன்னாலும் காதுல ஏறல!”

ஸ்பீக்கர் போட்டான். பங்காரு அதைவிடச் சத்தமாகக் கத்தியது. அவனே நிறுத்திவிட்டான்.

தை 8, வியாழன்

ஒத்திகை. ராணி தனியாக வாசலைத் தாண்டவில்லை. இழுத்தார்கள், தட்டினார்கள், வெல்லம் காட்டினார்கள். ம்ஹூம். பங்காருவை முன்னால் விட்டால் நடக்கிறாள்.

“மாப்பிள்ளைக்கு முன்னாடி கழுதை போனா செருப்பால அடிப்பாங்க நைனா. கழுதை வரக்கூடாது. அவ்ளோதான்.”

புரோக்கருக்குப் போன் போட்டு, சனிக்கிழமைக்கு வண்டி சொல்லி வைத்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கங்கம்மாவிடம் ரகசியம் பேசினேன்.

தை 9, வெள்ளி

நல்ல பனி. வாசலைத் தாண்ட மட்டும் பங்காருவை முன்னால் விட்டு, அருள் ராணியை வண்டியில் ஏற்றிப் போனான். உத்தனப்பள்ளிக் கோயில் வாசல். ராணிக்குச் சரிகைத் துணி, நெற்றியில் குஞ்சம். மேலே மாப்பிள்ளை, தலைப்பாகையோடு. பேண்டு முழங்கியது. ராணி நகரவில்லை. அருள் முகத்தில் அந்தக் குளிரிலும் வேர்வை.

நானும் கங்கம்மாவும் பின்னாலேயே வேறு வண்டி பிடித்து வந்து, டீக்கடைக்குப் பின்னால் பங்காருவோடு ஒளிந்திருந்தோம். ராணி தலையைத் திருப்பிக் கனைத்தாள். பங்காரு பதிலுக்கு ஒன்று போட்டது, பேண்டு நின்றுவிட்டது. கங்கம்மா கயிற்றை விட்டாள். நேராகப் போய் ராணிக்கு முன்னால் நின்றது. குட்டியும் கூட.

“டேய், மாப்ளைக்கு ஸ்டெப்னி வந்துருச்சிடா!” கூட்டத்தில் ஒருவன். சிரிப்பு. மாப்பிள்ளை வீட்டார் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். அருள் என்னைப் பார்த்த பார்வை!

மண்டபத்திலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். தெலுங்குக்காரர், இரும்புக்கடை. 

“எதுக்கு வெரட்டறீங்க? கழுதையைப் படமா மாட்டி தெனம் அது மூஞ்சில முழிக்கிறேன், கடை தெறக்கறதுக்கு முன்னாடி. இன்னிக்கி உசுரோட எதுரே வந்து நிக்குது. எம்மவளுக்கு யோகம் வேணாங்கறீங்களா?”

தன் கழுத்து மாலையைக் கழற்றிப் பங்காருவுக்குப் போட்டார்.

பிறகு நடை. பங்காரு முன்னால், மாலையில் எட்டின பூவைத் தின்றுகொண்டே. குட்டி நடுவில். ராணி பின்னால், முழங்காலைத் தூக்கித் தூக்கி, பனிக்குள் விளக்கு மாதிரி. தலையை எவ்வளவு உயர்த்தினாள்! தெருவில் எல்லாரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். நானும்தான். கண் கலங்கிவிட்டது. பனி என்று கங்கம்மாவிடம் சொன்னேன்.

தை 10, சனி

இன்றும் பனி. புரோக்கர் வண்டி வாசல்வரை வந்து, அருள் ஏதோ சொல்ல, காலியாகத் திரும்பியது.

அப்புறம் அவன் கொட்டகைக்குள் போனான். பங்காருவின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தான். நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கங்கம்மா பால் விற்கப் புறப்பட்டாள். சாயங்காலம் வந்துவிடுவாளாம். ராணிக்குத் துணையாகக் குட்டியை விட்டுப் போகிறாள்.

அருளுக்குப் போன் வந்தது. “ராயக்கோட்டையில கல்யாணமாம் நைனா. கழுதையோடதானே வருவீங்கன்னு கேக்கறாங்க.”

சுவரில் யோகப் படத்தைக் காணோம். மூலையில் கொஞ்சம் காகிதம் மிச்சம். குட்டி தின்றுவிட்டிருக்கிறது.