அடிப்பிடித்த பருப்பு

இன்றைக்கு மத்தியானம் மகளின் குசினியிலிருந்து பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தப் பார்த்தேன்.

"அதை விடுங்கோ அப்பா. வேணுமெண்டுதான் விட்டனான்."

கொஞ்சம் கருகினால்தான் அவளுக்குப் பருப்பு. அப்படிப் பழக்கியவன் நீ. நீ போய்ச் சேர்ந்து மூன்று வருசமாகிறது, மச்சான். செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுவது வெட்கக்கேடு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் முதலாம் பிள்ளை, நீ கடைசி வாங்கு. கட்டுரைப் போட்டியில் பரிசு எனக்கு, கைதட்டினவன் நீ. பிறகு நான் கொழும்புப் பத்திரிகைக்குத் திருகோணமலை நிருபரானேன். நீ அன்புவழிபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனாய். அதுவரைக்கும் எல்லாம் எனக்கு வசதியான ஒழுங்கில்தான் இருந்தது.

பிறகு சண்டை வந்தது. அந்த வருசம் கடலுக்குப் போகத் தடை. துறைமுகப் பக்கத்துத் தகப்பன்மார் வலையை மடித்து வைத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து சண்டைக்குத் தப்பி வந்த குடும்பங்கள் சொந்தக்காரர் வீடுகளில் நெருங்கிக் கிடந்தன. உன் பள்ளிக்கூடத்தில் தவணை நாட்களில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தார்கள். ஓகஸ்ற் விடுமுறையை அறிவித்த அன்று ஒரு பிள்ளையும் சந்தோசத்தில் கத்தவில்லை என்று நீதான் எனக்குச் சொன்னாய். "ஒரு பெட்டை எழும்பிக் கேக்கிறாள், சேர், லீவிலை வந்து வகுப்பறை கூட்டட்டோ எண்டு. ஏன் கேக்கிறாளெண்டு விளங்குதோ?" எனக்கு விளங்கவில்லை. செய்தி தேடித் திரிகிறவன் நான். செய்தி உன்னிடம் வந்தது.

நீ ஒரு நிவாரண நிறுவனத்தின் வாசலில் மூன்று நாள் நின்று அரிசி, பருப்பு, சோயாமீற் வாங்கினாய். பள்ளிக்கூட அதிபரிடம் திறப்பை வாங்கிக் குசினிப் பூட்டைத் திறந்தாய். இரண்டு தாய்மார் துணைக்கு வந்தார்கள். சமைக்கத் தெரியாத நீ அகப்பையைத் தூக்கினாய். கச்சான் காற்று அடுப்பை ஒரு பக்கமாக ஊத, நீ பிள்ளைகளோடு கதையில் நிற்க, பருப்பு ஒவ்வொரு நாளும் அடிப்பிடித்தது. உன்னிடம் ஒரே ஒரு விதிதான் இருந்தது: வந்து இருக்கிற பிள்ளையிடம் யார், எவர் என்று கேட்பதில்லை. "பசிக்காமல் ஒருத்தன் இந்தப் பருப்புக்கு வருவானோ?" என்று சிரித்தாய்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் தாதி. அவளுக்குப் பகல் வேலை வந்த ஒரு நாள், எட்டு வயது மகளைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு செய்தி எடுக்க உன்னிடம் வந்தேன். நான் குறிப்புப் புத்தகத்தோடு கேற்றடியில் நின்றேன். திரும்பிப் பார்க்கிறேன், அவள் வரிசையில் சப்பாணி கொட்டி இருக்கிறாள். வீட்டில் பொரித்த மீனைக் கிளறிவிட்டு எழும்புகிற பிள்ளை, உன் கருகின பருப்புக்குக் கோப்பையை இரண்டாந்தரம் நீட்டினாள்.

"மச்சான், நீயும் வந்து இரு."

"சாப்பிட்டிட்டு வந்தனான்."

"உன்ர மூஞ்சியைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லையே. பிள்ளையள், இந்த அங்கிள் சாப்பிட்டவரோ?"

"இல்லை!" என்று எல்லாரும் கத்தினார்கள். என் மகளும் சேர்ந்து கத்தினாள். நான் சாப்பிட்டிருக்கவில்லைத்தான். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வெயிலில் நின்றேன்.

அடுத்த நாள் காலமை அவள் எனக்கு முன்னமே சைக்கிளடியில் நின்றாள். பையில் தன் எனாமல் கோப்பை. ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டிலிருந்து வரும் வழியில், காவலரணில் சிப்பாய் அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்கும் அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள். இரவில் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்து, "மாமாவின்ர மாதிரி இல்லை" என்பாள். மாமா என்றால் நீ. மனைவி சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவளுக்கு முன்பல் ஆடுகிறது என்பதையே நீ சொல்லித்தான் அறிந்தேன். "உனக்குத் தெரியாதோ? ஒரு கிழமையா ஆடுது" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் அதை வீடுவரைக்கும் சுமந்துகொண்டு போனேன்.

அந்தக் கிழமைதான் உன்னைப் பற்றிய செய்தியை அனுப்பினேன். நல்ல செய்தி. உன்னைப் புகழ்ந்திருந்தேன், குறை வைக்கவில்லை. கடைசியில் மட்டும் ஒரு வசனம்: வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிலரும் இங்கு வந்து உண்பதைக் காண முடிந்தது. எத்தனை பேர், எத்தனை மணி என்று இரண்டு தரம் விசாரிக்காமல் ஒரு வரி எழுதாதவன் நான். நான் கண்டது ஒரேயொரு பிள்ளை. அவளை என் சைக்கிளில் ஏற்றி வந்தவனும் நான்தான்.

பத்திரிகை வந்து நாலாம் நாள் நிறுவனத்தின் ஆள் ஒருவர் கேற்றடியில் மேசை போட்டு இருந்தார். நிவாரண அட்டை உள்ள பிள்ளைக்குத்தான் இனிச் சாப்பாடு. அட்டைகளின் கணக்குக்குத்தான் இனி அரிசி. ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகள் உடுத்த உடுப்போடு ஓடி வந்தவர்கள், அட்டைக்கு எங்கே போவார்கள்? கோப்பைகளோடு வேலிக்கு வெளியே நின்றார்கள். அவர்களோடு என் மகளும் நின்றாள். அவளிடமும் அட்டை இல்லை.

நீ அகப்பையோடு வெளியே வந்து அவர்களைப் பார்த்தாய். பிறகு மேசைக்காரரிடம் சொன்னாய்: "ஐயா, அரிசியை நீங்கள் குறைக்கலாம். தண்ணியைக் கூட்ட எனக்கு ஆரும் தடை போட ஏலாது." அன்றிலிருந்து சோறு இல்லை. அரிசியும் பருப்பும் ஒன்றாய்க் கரைந்த கஞ்சி. ஆனால் எல்லாரும் உள்ளே வந்து இருந்தார்கள். மேசைக்காரர் இரண்டு நாள் முறைத்துவிட்டுப் போய்விட்டார். விடுமுறை முடியும்வரை அந்தப் பிள்ளைகள் கஞ்சிதான் குடித்தார்கள்.

நீ என்னோடு சண்டைக்கு வருவாய் என்று காத்திருந்தேன். நீ ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்.

"ஒரு பிள்ளைதானே மச்சான் வந்தது?"

நான் சைக்கிளைத் திருப்பினேன். "சரி, வா, கஞ்சி இருக்கு" என்றாய். சாப்பிட்டிட்டு வந்தனான் என்று திரும்பவும் சொன்னேன்.

பிறகு எத்தனையோ வருசம் நாம் கதைத்தோம், சிரித்தோம். அந்தக் கதையை நீ எடுக்கவேயில்லை. உன் செத்தவீட்டில் நரைவிழுந்த ஆண்களும் பெண்களும் வந்து நின்று, அந்தப் பருப்பைப் பற்றியே கதைத்துச் சிரித்துச் சிரித்து அழுதார்கள். நான் எழுதின ஒரு வரியையாவது அப்படி ஞாபகம் வைத்திருக்கிற ஒரு ஆளை இன்றுவரை நான் சந்திக்கவில்லை.

இன்றைக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே மகள் கேட்டாள், "அந்த லீவிலை ஏன் அப்பா சோறு கஞ்சியானது?" அப்போதுதான் சொன்னேன். பொறாமையையும் சேர்த்து, ஒன்றும் விடாமல்.

அவள் கரண்டியை வைக்கவில்லை.

"தெரியும் அப்பா. நான் அப்பவே மாமாட்டைக் கேட்டனான், அப்பா ஏன் அப்பிடி எழுதினவர் எண்டு. உன்ர அப்பாவுக்கும் பசி, வந்து இருக்கத்தான் வெக்கம் எண்டு சொன்னவர்."

பார்த்தாயா? என் பிள்ளைக்கு என்னை விளக்கிச் சொன்னவனும் நீதான். இத்தனை வருசம் அவள் என்மேல் கோபமில்லாமல் இருந்ததும் உன் கைங்கரியம். அதையாவது எனக்கு விட்டிருக்கலாம், மச்சான்.

சோற்றில் பருப்பை விட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். ஒரு வாய் எடுக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கோ, மாமாவின்ர மாதிரி இருக்கோ?"

உன் பள்ளிக்கூடத்தில் சப்பாணி கொட்டி இருந்து சாப்பிட்ட எந்தப் பிள்ளைக்கும் அதற்குப் பதில் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. கோப்பையை இரண்டாந்தரம் நீட்டினேன்.