மாதா களைந்த காப்பு

கேல்சர்,
சம்வத் 2043, கார்த்திக மாதம், வளர்பிறை ஏகாதசி.

அகமதாபாத் பெரிய ஆஸ்பத்திரியில், சொன்ன பேச்சைக் கேட்காமல் படுத்திருக்கும் ஜுகத்தின் அப்பாவுக்கு, சாயர் வணங்கி எழுதுவது. ஜாளராய் மாதா துணை. இங்கே நான், ஜுகத், பதினேழு ஆடுகள், உங்கள் ஒட்டகம் எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை மட்டும் என் அண்ணன் எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் நாலு வரி எழுதினால் கை தேய்ந்துவிடும்.

கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. ஒட்டகம் உங்களைத் தவிர வேறு யார் கையிலும் தின்ன மாட்டேன் என்று இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. மூன்றாம் நாள் பசி ஜெயித்தது. குர்ஜா நாரைகள் வந்துவிட்டன. குளத்தங்கரை முழுக்கச் சாம்பல் நிறமாகி, வீரக்கற்கள் ஒன்பதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. கருங்குன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கானமயிலும் பெட்டையும் மேய்வதை ஜுகத் பார்த்திருக்கிறான். மழை பொய்த்த வருஷத்திலும் இவை நம் காட்டைத் தேடி வருவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இப்போது உங்களிடம் சண்டைக்கு வருகிறேன். வயிற்றில் இருக்கும் கட்டியை இந்த மாதமே அறுத்து எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாதாவின் ஆணை வராமல் கத்தி படக்கூடாது என்று நீங்கள் மறுக்கிறீர்களாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கம்புமணியை உருட்டி ஒற்றையா இரட்டையா என்று பார்க்கிறீர்களாம். மூன்று முறையும் ஒற்றை, ஆணை இல்லை என்றே விழுந்ததாம். நர்ஸ் அத்தனையையும் பெருக்கித் தள்ளிவிட்டு, "ஏன் பெரியவரே, இது வார்டா, கோழிக்கூடா?" என்று கேட்டாளாம். டாக்டர் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "உங்க மச்சான் இன்னும் ஒரு மாசம் இப்படியே மணி எண்ணிட்டு இருந்தா, அப்புறம் நான் கத்திய எடுத்தும் பிரயோஜனமில்ல" என்று சொல்லியிருக்கிறார். இதை உங்களிடம் சொல்லாதே என்று அண்ணன் எழுதியிருந்தான். சொல்லிவிட்டேன்.

அடுத்த கவலை காடு. நிலக்கணக்கு எழுதும் பட்வாரி போன வாரம் அளக்கும் சங்கிலியும் ஆளுமாக வந்தார். வாய்க்கால் தண்ணீர் வரப்போகிறதாம், தரிசு நிலத்தை எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி உழவுக்குக் கொடுக்கிறார்களாம். மாதாவின் ஓரண், அவளுக்கென்று விட்ட கோயில் காடு முழுவதும், கணக்கில் தரிசு என்று இருக்கிறது. ஒரு சுள்ளிகூட யாரும் ஒடிக்காத காடு, இத்தனை வன்னியும் உகாவும் இலந்தையும் நிற்கிற காடு, தாளில் தரிசு! ஜுகத் போய்ச் சத்தம் போட்டான். பட்வாரி கோபப்படவில்லை. "எனக்கும் மாதா மேல பயம் இருக்குப்பா. ஆனா பயத்தக் கணக்குல எழுத முடியாது. பௌர்ணமிக்கு மூணாம் நாள் பெரிய அதிகாரி வர்றார். கல்லோ செம்போ, பழைய எழுத்து ஏதாச்சும் இருந்தா காட்டுங்க" என்றாராம். நமக்கு எங்கே எழுத்து? யாரும் கேட்டதில்லை, யாரும் எழுதி வைத்ததில்லை. ஊரில் பூர் சிங் மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். இரட்டைக் கிணற்றை ஒட்டி எந்தச் சதுரம் தனக்கு வேண்டும் என்று இப்போதே காலால் கோடு போட்டுப் பார்க்கிறார்.

போன வருஷம் போகரணிலிருந்து நத்மல் வாத்தியார் வந்தது உங்களுக்கு மறந்திருக்காது. யாருக்கும் தெரியாத கோயில், கிணறு, வீரக்கல் எல்லாவற்றையும் ஒட்டகத்தில் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுகிறவர். மாதாவின் கல்லைப் பார்த்ததும், இந்த மாதிரிக் கல்லில் ராஜா கொடுத்த தானம் கீழ்ப்பாதியில் வெட்டியிருக்கும், செந்தூரக் காப்பைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். நீங்கள், "மாதாவோட சேலைய உருவிப் பாக்கணுங்கறியா? அவளா எப்பக் களையறாளோ அப்பத்தான்" என்று கத்திய கத்தில் அந்த மனிதர் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் போனார். அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. உங்கள் பாட்டனார் பூசை செய்த காலத்திலிருந்து நெய்யும் செந்தூரமும் குழைத்து, மேலே மினுக்குத் தாள் ஒட்டி, பண்டிகைக்குப் பண்டிகை பூசிப் பூசி, மாதா கை கால் தெரியாமல் உரலைப் போல ஆகியிருந்தாள். எல்லாம் பக்தியில் செய்ததுதான்.

இனி நல்ல செய்தி. மூன்று நாளைக்கு முன், மாட்டுப் பூசை அஷ்டமியன்று, ஊர் முழுக்க மந்தைக்குப் போயிருந்தது. மத்தியானம் நான் விளக்குக்கு நெய் கொண்டுபோனபோது, மாதாவின் காப்பு மொத்தமாகக் கழன்று காலடியில் கிடந்தது. நான் போட்ட கூச்சலில் முதலில் மாடுகள்தான் மிரண்டு ஓடின. பிறகு ஊர் ஓடி வந்தது. "மாதா காப்புக் களைஞ்சுட்டா! நூறு வருஷத்துக்கு அப்புறம் களைஞ்சுட்டா!" என்று பக்கத்து வீட்டு மிஸ்ரீ ஆடித் தீர்த்துவிட்டாள். கழன்ற காப்பை மேளத்தோடு எடுத்துப்போய்க் குளத்தில் கரைத்தோம்.

கேளுங்கள், கீழே எழுத்து இருக்கிறது! பதினோரு வரி. ஜுகத் அப்போதே வாத்தியாரை அழைத்துவரக் கிளம்பிவிட்டான்.

ஆணை, ஆணை என்று கேட்டீர்களே. இதைவிட என்ன ஆணை வேண்டும்? மாதாவே பழையதைக் களைந்துவிட்டாள். உங்கள் வயிற்றில் இருப்பதை டாக்டர் களையட்டும். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே சரி என்று சொல்லிவிடுங்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

உங்கள்
சாயர்


கேல்சர்,
மக்சர் மாதம், வளர்பிறை துவிதியை.

கத்திக்கு வயிற்றைக் காட்டிப் பிழைத்து எழுந்த ஜுகத்தின் அப்பாவுக்கு, சாயர் ஆயிரம் முறை வணங்கி எழுதுவது.

தந்தி வந்தது. தபால்காரர் ஒட்டகத்தை விட்டு இறங்கும் முன்பே, "நல்ல சேதிதான், நல்ல சேதிதான்" என்று கத்திக்கொண்டே வந்தார். இல்லாவிட்டால் தந்தியைப் பார்த்த உடனே நான் விழுந்திருப்பேன். நேற்று அண்ணன் கடிதமும் வந்தது. தையல் பிரித்துவிட்டார்களாம், கட்டி கெட்ட ஜாதி இல்லையாம். நீங்கள் ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தள்ளிவிட்டு கம்பு ரொட்டியும் பூண்டுச் சட்னியும் கேட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினீர்களாம். படித்துவிட்டு நான் அழுதேன். ஜுகத்தும் அழுதான். கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று சொன்னான்.

காட்டின் கதையைச் சொல்கிறேன். அதிகாரி சொன்ன நாளில் ஜீப்பில் வந்தார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர், மணலில் நடந்து பழக்கமில்லை. நத்மல் வாத்தியார் கல்லின் மேல் தாளை வைத்துக் கரியால் தேய்த்து எழுத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தார். உரக்கப் படித்தார். சம்வத் 1781-இல் அப்போதிருந்த ராஜா மாதாவுக்குக் கொடுத்த காடு. கிழக்கே இரட்டைக் கிணறு, மேற்கே கருங்குன்று, வடக்கே உப்புத்தரை, தெற்கே ஒன்பது வீரக்கல். இதற்குள் கோடாலி விழாது, ஏர் ஓடாது, ஓடி வந்த மானைத் துரத்திப் பிடிக்க ஆள் வராது. மீறினவன் மாதாவுக்குப் பதில் சொல்லட்டும். நான்கு எல்லைக்கும் அதிகாரியை நடக்க வைத்தோம். உப்புத்தரையில் சிங்காரா மான்கள் ஏழெட்டு அவரைப் பார்த்தும் ஓடாமல் நின்றன. "என்ன, பயமே இல்லையா இதுங்களுக்கு?" என்றார். மிஸ்ரீ முக்காட்டுக்குள்ளிருந்து, "பயப்படறதுக்கு இங்க யாரும் இதுவரைக்கும் ஒண்ணும் பண்ணலையே ஐயா. இனிமே பழக்கணும்னா நீங்கதான் பழக்கணும்" என்று ஒரு போடு போட்டாள். அவர் சிரித்துவிட்டார். அளக்கிற வேலையை நிறுத்தச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுத்தார். தரிசு என்பதை அடித்து மாதாவின் ஓரண் என்று எழுதும் உத்தரவு மேலிடத்திலிருந்து ஹோலிக்குள் வந்துவிடும் என்று பட்வாரி சொல்கிறார். அவருக்கே முகம் தெளிந்துவிட்டது.

கிளம்பும் நேரத்தில் பூர் சிங் ஒரு காரியம் செய்தார். கல்லருகே குனிந்து மோந்து பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "நம்ம மாதாவுக்கு நெய்யத் தவிர எதையும் பூசினதில்ல. இப்ப என்ன எள்ளெண்ணெ வாசம் அடிக்குது?" என்றார். அதிகாரி, "இத முதல்ல பாத்தது யாரு?" என்று கேட்டார். நான் ஒரு அடி முன்னால் வந்து, "நான்தான்" என்றேன். அது பொய் இல்லை. "எழுத்து எண்ணெயிலயா எழுதியிருக்கு? கல்லுலதான வெட்டியிருக்கு?" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

உங்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். மாதாவின் காப்பு தானாகக் கழலவில்லை. நான்தான் களைந்தேன்.

அஷ்டமியன்று ஊர் மந்தைக்குப் போனதும், ஒரு சட்டி எள்ளெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு போனேன். நெய் அவ்வளவு வீட்டில் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் அந்தக் கல்லைத் தொடக்கூடாது என்பது தெரியும். கல்யாணமாகி வந்து இருபத்து நான்கு வருஷம் தொட்டதில்லை. அப்போது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். மாதா தெய்வமாவதற்கு முன் நம் சாரணர் குலத்தில் பிறந்த பெண்தானே. அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லையா? "தாயே, உன் காட்டைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியல. பிடிக்கலன்னா இப்பவே என் கைய முடக்கிப் போடு" என்று சொல்லிவிட்டு எண்ணெயை ஊற்றினேன். கை முடங்கவில்லை. தேங்காய்ச் சிரட்டையால் நெம்ப நெம்ப, விரல் தடிமனில் அடை அடையாக வந்தது. நடுவில் ஒரு அடையில் தங்க நிறத் தாள் பளபளத்தது. ஜுகத் பிறந்தபோது நீங்கள் சாத்தியது. அதைப் பார்த்ததும் உட்கார்ந்து அழுதேன். அதற்குள் எழுத்து தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஊர் ஓடி வந்ததும் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மிஸ்ரீ ஆட ஆரம்பித்துவிட்டாள். காடு பிழைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கே அண்ணன் கடிதம் வந்தது, நீங்கள் ஆணை கேட்டுக் கத்தியைத் தள்ளிப் போடுகிறீர்கள் என்று. அப்புறம் என்னால் எப்படிச் சொல்ல முடியும்? உங்களுக்கு அந்தப் பொய்யை எழுதியது நான் அறிந்து செய்த தப்பு.

நீங்கள் சரி என்று சொல்லிவிட்டீர்கள், மாதாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே அறைக்குள் போகப் போகிறீர்கள் என்று அண்ணன் எழுதியபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையை எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். உங்கள் நம்பிக்கையைப் பொய்யில் நிறுத்தி உங்களைக் கத்திக்கு அனுப்புவது பாவம். உண்மையைச் சொல்லி உங்களைச் சாகவிடுவது அதைவிடப் பாவம். இரண்டாவது கடிதத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். நீங்கள் உயிரோடு திரும்பி வந்து என்னைத் திட்ட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

காட்டுக்குத் தப்பு செய்தவர் பதினோரு நாள் பறவைகளுக்குத் தலைச்சுமையாகத் தானியம் கொண்டுபோய்ப் போட வேண்டும் அல்லவா? யார் விதிக்கவும் காத்திராமல் அதை முடித்துவிட்டேன். தானியம் சிந்தும் சத்தம் கேட்டால் குர்ஜாக்கள் இப்போது என் காலடிவரை வருகின்றன. ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள் வந்து முடிவு செய்யுங்கள். சொல் என்றால் சாவடியில் நின்று சொல்கிறேன்.

மாதா இன்னும் வெறும் கல்லாகத்தான் நிற்கிறாள். கண்ணும் மூக்கும் கையில் சூலமும் தெரிகின்றன. அவளுக்கு இவ்வளவு இளமையான முகம் என்று எனக்குத் தெரியாது. புதுக் காப்பை நான் பூசட்டுமா என்று ஜுகத் கேட்டான். வேண்டாம், உன் அப்பா வரட்டும் என்று சொல்லிவிட்டேன். செந்தூரம் வாங்கி வைத்திருக்கிறேன். கறுப்பு ஆட்டை விற்று நெய்யும் சேர்த்திருக்கிறேன், இனி எள்ளெண்ணெய் வாசம் வராது.

நீங்கள் என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. நேராகக் கோயிலுக்கே போங்கள். உங்கள் விரலால் பூசுங்கள். கீழே அந்தப் பதினோரு வரியை மட்டும் விட்டுவிட்டுப் பூசுங்கள். அதுவரை அவளும் நானும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள்
சாயர்