கடைசியாக வந்த மாடு

அன்பு மனைவிக்கு,

நான் சுகம், அலுப்பு மட்டும்தான். நீயும் வயிற்றுப் பிள்ளையும் அம்மாவும் சுகமா?

இந்தக் கறிமாட்டுப் பண்ணையில் சினை மாடுகளுக்குத் தாது உப்பு வைப்பது என் வேலை. நேற்றுப் பிறந்த ஒரு கன்று எழுந்து நிற்கவே இல்லை. தூக்கிப் பிடித்துப் பால் குடிக்க வைத்தேன். தாய் மாடு முட்டியதில் என் முழங்கால் கொஞ்சம் வீக்கம், பயப்படாதே.

தாய்க்குத் தாது உப்பு பத்தாததால்தான் கன்றுக்கு வலுவில்லை என்றார் மாட்டு டாக்டர். "உப்பு தவறாம வெச்சேனே" என்றேன்.

"வெச்சே. இந்தத் தாய் தின்னுச்சான்னு பாத்தியா? பயந்த மாடு. மத்ததெல்லாம் தின்னு முடிச்சப்புறம் வந்து காலித் தொட்டிய நக்கியிருக்கும்."

ஊசி போட்டார், கன்று தேறிவிடுமாம். தாய்க்கு இன்று தனித் தொட்டி வைத்தேன்.

தைலம் ஒரு புட்டி அனுப்பு. நீயே நாலு வரி எழுது. போனில் நீ சொல்லும் "ம்" மட்டும்தான் கேட்கிறது.

வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்காருவது நீ. இதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு: இனி முதல் தட்டு உனக்கு.