மலரின் பத்து நகங்கள்

ஆவணி, சனிக்கிழமை இரவு.

நாளை தங்கை மலருக்கு நிச்சயம். மாப்பிள்ளை சிவப்பு பூசிய ஏதோ ஒரு நகப்படத்தை அனுப்பி, அதே மாதிரி வேண்டும் என்றிருக்கிறான். ரசனையாம். அந்தச் சிவப்பில் நகத்துக்குப் பூசும் ஜெல் உத்திரமேரூரில் கிடைக்கவில்லை. இவள் சாதாரண நெயில் பாலிஷைப் பூசி, அது காய்வதற்குள் மேலே நிறமில்லாத ஜெல்லைத் தடவி, அதை இறுக வைக்கும் ஜெல் விளக்குக்குள் கையை நீட்டினாள். பத்து நகத்திலும் பூச்சு பாலாடைபோலச் சுருங்கிக்கொண்டது.

"அவுரு இன்னா சொல்லுவாரோக்கா."

"நகத்தையா கட்டிக்கப் போறான்?"

"உனுக்கு எல்லாமே நக்கலு."

உடனே அவன் வீடியோவில் அழைத்தான். கையைக் காட்டச் சொன்னான். மலர் கேமராவை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "கரண்ட் போயிடுச்சிங்க" என்றாள். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அவன் நம்பிவிட்டான். அப்போது அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கச் சகிக்கவில்லை.