கொறஞ்சா எழுப்பு

மே 3, திங்கள்

காலையிலிருந்தே அனல். நாளை அக்னி நட்சத்திரம் ஆரம்பம். முடிச்சூரில் எங்கள் தெருக் குழாயில் காற்று மட்டும். அப்பா தண்ணீர் லாரி ஓட்டுவதால் எங்கள் வீட்டுக் குடங்கள் நிறைந்திருக்கின்றன. தெருவில் யாரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

லாரிக்கு ஆயில் மாற்றினோம். நானும் அப்பாவும் மட்டும். மெக்கானிக் தேவராஜிடம் போகவில்லை. போன மாதம் அவர் சொன்னதுதான் காரணம். "இன்னொரு தபா இஞ்சினைப் பிரிச்சா இது தாங்காது நைனா. நேரா காயலான் கடைதான்." அதிலிருந்து அப்பா அந்தப் பக்கமே திரும்புவதில்லை. இந்த வண்டியை விட்டால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை. என் டிகிரியைச் சேர்க்காவிட்டால்.

செய்தவை:
– பக்கத்துக் காலி மனையில், சமதளத்தில் வண்டியை நிறுத்தியது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தது.
– அடி நட்டைக் கழற்றிப் பழைய ஆயிலை இறக்கியது. தார் மாதிரி. கீழே வைத்தது அம்மா துணி ஊறவைக்கும் டப். அம்மா இன்னும் பேசவில்லை.
– புது ஃபில்டர்.
– புது ஆயில். தேன் நிறம். புனல் பிடித்தது நான்.
– மறுபடி ஓடவிட்டு, அணைத்து, காத்திருந்து, கம்பியை உருவிப் பார்த்தது.

டிப் ஸ்டிக் என்பது அப்பாவுக்குக் கம்பி. நுனியில் இரண்டு கோடு. ஆயில் கீழ்க்கோட்டுக்குக் குறையக் கூடாது, மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. அப்பா வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கோடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மேல்கோட்டில் சரியாக நின்றது. சொன்னேன்.

இனி தினமும் காலையில் வண்டி எடுக்குமுன் பார்ப்பது என் வேலை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடுவதும்.

"பழைய இஞ்சினு, ஆயில் குடிக்கும்மா. கொறஞ்சா எழுப்பு. கொறையலன்னா தூங்க வுடு."

மே 4, செவ்வாய்

மே.கோ. (மேல்கோடு) சரியாக. ரே (ரேடியேட்டர்): ஒரு பாட்டில். எழுப்பவில்லை.

கம்பியை உருவி, துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். முதல் தடவை காட்டுவது பொய்.

அம்மா டப்பை மூன்று முறை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள். இன்னும் நாற்றம். "காலேஜ் படிச்ச பொண்ணு பண்ற வேலையாடி இது?"

மே 5, புதன்

மே.கோ. ரே: ஒரு பாட்டில்.

சானடோரியத்தில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. ஆங்கிலத்தில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் கம்பெனிக்காரர். பெயர் சொன்னேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி என்றேன். அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பேனாவை மூடிவிட்டார்.

சானடோரியத்திலிருந்து தாம்பரம் ஒரே ஸ்டேஷன். அதற்குள் முழுப் பதிலும் வந்துவிட்டது. ஒரு பிழை இல்லாமல்.

நகக்கண்ணில் ஆயில் கறை. பார்த்திருப்பார்.

மே 6, வியாழன்

மே.கோ.க்கு மேலே. ஒரு நெல் அளவு.

தரை சரிவோ என்று லாரியின் படிக்கட்டுப் பலகையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். சமம்தான். மூன்று முறை கம்பியைத் துடைத்து, விட்டு, உருவிப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரு நெல்.

ரே: இரண்டு பாட்டில். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அக்னி வெயிலும்மா. குடிக்கத்தான் செய்யும்." வண்டியில் இஞ்சின் சூடு காட்டும் முள் செத்து இரண்டு வருடம்.

"ஆயில் கொறஞ்சுதா?"

"இல்லப்பா."

பொய் இல்லை.

மாலையில் பால் வாங்கப் போனபோது டீக்கடையில் அப்பா குரல். என்னைப் பார்க்கவில்லை.

"மெக்கானிக்கும் இல்ல, ஒருத்தனும் இல்ல. நானும் எம் பொண்ணும். மூணு நாளாச்சு, ஒரு சொட்டு எறங்கல."

"பொண்ணு ஜாக்கி தூக்குதா நைனா?"

"அது கம்பி பாக்கும். டிகிரி ஓல்டரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா எல்லோரையும் விடச் சத்தமாக. அப்படி அவர் சிரித்து எத்தனை நாள்.

மே 7, வெள்ளி

மூன்று நெல். ரே: மூன்று பாட்டில். எழுப்பவில்லை.

தபால் இல்லை.

மே 8, சனி

மே.கோ.க்கு மேலே ஒரு விரல். நிறம் மாறியிருக்கிறது. தேன் இல்லை, கறுப்பும் இல்லை. பால் விட்ட டீ.

விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கல் குறைவு. எண்ணெயும் தண்ணீரும் சேர்த்துக் குலுக்கினால் பால்மம் ஆகும். இரண்டாம் வருடம் லேபில் செய்தது. பத்துக்கு ஒன்பது.

ரேடியேட்டரில் குறைவது இங்கே ஏறுகிறது. வேறு கணக்கு இல்லை. எங்கோ உள்ளே உடைந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவு கிடையாது.

சொன்னால்: வண்டி நிற்கும். தேவராஜ் இஞ்சினைப் பிரிப்பார். பிரித்தால் தாங்காது.
சொல்லாவிட்டால்: ஓடும்வரை ஓடும்.

இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான் என்று எழுதிவிட்டு, அரைமணி நேரமாக அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுதானா என்று தெரியவில்லை. எனக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

குறைந்தால்தான் எழுப்பச் சொன்னார்.

மே 9, ஞாயிறு

ஒன்றரை விரல். ரே: ஐந்து பாட்டில்.

சொன்னேன். அப்பா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஆயில் கூடியிருக்குப்பா."

எச்சிலைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "கூடிச்சா? அன்னிக்குத் தாராளமா ஊத்திட்டோம் போல. கொறையலையே, அது போதும்."

அடுத்த வாக்கியம் தயாராக இருந்தது. நிறத்தைப் பற்றியது. ராத்திரி முழுக்க அடுக்கி வைத்தது. அவர் காத்திருக்கவில்லை. அவர் காத்திருந்திருந்தாலும் என்ன, அந்தக் கம்பெனிக்காரர் காத்திருந்தாரே.

ஞாயிறானாலும் நாலு டிரிப். அபார்ட்மென்ட்காரர்கள் விடவில்லை.

மே 10, திங்கள்

காலையில் பார்த்தேன். எழுத வேண்டாம்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு போனில் அப்பா. "ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன். வண்டி நின்னுடுச்சு. தேவராஜைக் கூட்டிகினு வா." அந்தப் பெயரை அவர் சொல்லி ஒரு மாதம் இருக்கும்.

தேவராஜின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் சொல்ல நினைத்தேன்.

லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. டேங்க் நிறையத் தண்ணீர். எங்கிருந்துதான் வந்தார்களோ, நாற்பது ஐம்பது குடம். அப்பாவே குழாயைத் திறந்துவிட்டிருந்தார். "வீணாப் போவுதே, புடிச்சிக்கோங்க."

தேவராஜ் கம்பியை உருவினார். துடைக்கவில்லை. தேவைப்படவில்லை.

"இன்னா நைனா, ஊருக்கெல்லாம் தண்ணி ஊத்தி ஊத்தி இஞ்சினுக்கும் ஊத்திட்டியா? இது ஆயிலா, டீயா?"

குடத்தோடு நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள்.

"ஒரு நாள்ல ஆவுற வேலை இல்ல இது. நாலஞ்சு நாளா ஏறிகினு இருந்திருக்கும். அப்பவே நிறுத்தியிருந்தா, இஞ்சினைப் பிரிக்காம மேல்மூடியை மட்டும் தூக்கி ஒரு கேஸ்கெட் தகடு மாத்தறதோட போயிருக்கும். பேரிங்கு பூரா புடிச்சிகிச்சு இப்ப. டெய்லி யாரு பாத்தது?"

ஒரு கேஸ்கெட். அப்படியென்றால் முடிவு ஒன்று இல்லை.

நான் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில்.

"நான்தான் பாத்தேன்," என்றார் அப்பா.

"கலர் தெரியல உனக்கு?"

"தெரியல."

வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன். பின்னாலிருந்து ஒரு அம்மா, "யம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ, குழாய மறைக்கிற" என்றாள். தள்ளிக்கொண்டேன்.

மே 11, செவ்வாய்

வண்டியைக் கட்டி இழுத்துவந்து மனையில் விட்டார்கள். தேவராஜ் ஆயிலை இறக்கினார். அம்மா தானாகவே டப்பைக் கொண்டுவந்து வைத்தாள். டப் நிறைந்து வழிந்தது.

தேவராஜ் கையைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல், "நாளைக்குக் காயலான் கடை ஆளை வரச் சொல்றேன் நைனா" என்றார். கிண்டல் இல்லை. கிண்டல் செய்திருக்கலாம்.

சாப்பிடும்போது அப்பா: "நீ ஞாயித்துக்கெழம சொன்னே இல்ல?"

"ம்."

"நான்தான் காதுல வாங்கல."

மோர் கேட்டார். ஊற்றினேன். அந்த இரண்டாவது வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது.

சானடோரியத்திலிருந்து கடிதம். எதிர்பார்த்ததுதான்.

மே 12, புதன்

ஐந்தரைக்கு விழிப்பு. பழக்கம். மனைக்குப் போனேன். கம்பியை உருவி, துடைத்து, விட்டு, மறுபடி உருவினேன். உலர்ந்த கம்பி. மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. அப்பாவுக்கே தெரியும்.

குறைந்திருக்கிறது. அப்பா தூங்குகிறார்.

எழுப்பவில்லை.