கொலுவில் ஜேனஸ்

செவ்வாய் இரவு, ஃப்ரீமான்ட்

நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பள்ளியில் ரோமைப் பற்றிப் படிக்கும் என் மகள் கயல், களிமண்ணில் ஒரு ஜேனஸ் செய்து கொலுவில் வைத்திருந்தாள். வாசலைக் காக்கும் ரோமானியச் சாமி. முன்னும் பின்னும் முகம். இன்று வெற்றிலை பாக்குக்கு வந்த என் நாத்தனார், கூட வந்த பெண்களுக்கு என் கொலுவை அவளே விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

"கிரீக்ல இவருக்கு என்ன பேருடி?"

"நோ அத்தை, ஹீ இஸ் ஒன்லி ரோமன்."

"அதெப்படி? ஜீயஸ்தானே ஜூபிடர்? எல்லாமே காப்பிதான். ஒழுங்கா கூகுள் பண்ணிப் பாரு."

அத்தோடு விட்டாளா? கீழ்ப்படியில் இருந்த என் பிறந்த வீட்டு வீரமாத்தியின் படத்தைக் காட்டி, "இது பார்வதிதான். ஊர்ப்பக்கம் வேற பேர் சொல்லுவாங்க" என்றாள். வீரமாத்தி எங்கள் வம்சத்தில் பிறந்து, தீயில் இறங்கிச் சாமியானவள். அவளைப் பார்வதியாக்க இவள் யார்? நான் கிண்ணத்தில் சுண்டலைப் போட்டுக்கொண்டே சிரித்து வைத்தேன். சிரித்தேன்!

கயல்தான் சொன்னாள்: "எல்லாரும் இன்னொருத்தரா இருக்கணுமா, அத்தை?" அதற்கு வாயாடிப் பட்டம்.

நாளைக்கும் வருகிறாளாம். ஜேனஸை எடுத்து வாசலில் செருப்பு ரேக் மேல் வைத்துவிட்டேன். வெளியே பார்க்கும் முகம் அவளைக் கவனித்துக்கொள்ளட்டும். உள்ளே பார்க்கும் முகம் என்னையே பார்க்கிறது.